டெக்கை ஆம்ப்ளிஃபயரில் கொடுப்பது: எந்தத் துளைக்கு எந்தச் சத்தம்?

கீழக்கரையில் எங்கள் தெரு லாத்தா ஒருவர் தன் நிக்காஹ் வீடியோ கேசட்டை எடுத்து வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் பீரோவில் சேலைகளுக்கு நடுவே இருந்த கேசட். அவருடைய வாப்பா அதில் பேசுகிறார். வாப்பா இப்போது இல்லை. "படம் எப்படியும் இருக்கட்டும், வாப்பா குரலை நல்லாக் கேக்கணும்" என்பதுதான் லாத்தாவின் ஆசை. உறவுக்காரப் பையன் ஒருவன் வீட்டிலிருந்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் டெக்கைக் கொடுத்துப் பார்த்திருக்கிறான். குடத்துக்குள் முழங்குவதுபோலக் கரகரவென்று வந்திருக்கிறது. "கேசட் போயிருச்சு லாத்தா" என்று சொல்லிவிட்டான்.

கேசட் போகவில்லை. ஒயரின் பின்னை ஒரு துளை தள்ளிச் செருகியிருந்தான், அவ்வளவுதான்.

தொண்டி முதல் கீழக்கரை வரை இந்தக் கரையில் இப்படிப்பட்ட கேசட்டுகள் நிறைய வீடுகளில் கிடக்கின்றன. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் டெக் கொண்டுவந்தார்கள். ஊருக்கு வரமுடியாதவர்களுக்காகக் கல்யாணங்களைப் படமெடுத்துக் கடல் தாண்டி அனுப்பினார்கள். இன்று அவற்றைத் திரும்பப் பார்க்க உட்காரும்போது, டெக்கை ஆம்ப்ளிஃபயரில் கொடுக்கலாமா என்ற கேள்வி வருகிறது. "கொடுத்தால் சத்தம் பிரமாதமா இருக்கும்" என்று ஒருவர் சொல்வார். "கொடுத்தால் எரிந்துபோகும்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள மின்னணுப் படிப்பு தேவையில்லை.

வீடியோ கேசட் ரிக்கார்டரை நம் பக்கம் டெக் என்றுதான் சொல்வோம். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

மிதவை சொல்லும் சேதி

கடலில் வலை விரித்த இடத்தில் மிதவை கிடக்கும். அலை வந்தால் ஏறும், போனால் இறங்கும். அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் அதன் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அலை எவ்வளவு பெரியது, எவ்வளவு விரைவாக அடுத்த அலை வருகிறது என்பதைக் கரையிலிருந்தே சொல்லிவிடலாம்.

ஒயருக்குள் சத்தம் போவதும் இப்படித்தான். ஒருவர் பேசும்போது காற்று அதிர்கிறது. மைக் அந்த அதிர்வுக்கு ஏற்ப ஒயரின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. மின்னழுத்தம் என்பது மின்சாரத்தை ஒயரில் தள்ளுகிற அழுத்தம், வோல்ட்டில் அளப்பார்கள். சத்தத்தைப் பின்பற்றி இப்படி ஏறி இறங்கும் மின்னழுத்தத்துக்குத்தான் சிக்னல் என்று பெயர். ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால் சத்தம் உரக்கக் கேட்கும். அடிக்கடி நிகழ்ந்தால் கீச்சென்று கேட்கும். நொடிக்கு எத்தனை முறை என்பதை ஹெர்ட்ஸ் என்கிறோம். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது கூடக்கூட மேல் எல்லை இறங்கிவிடும்.

ஆக, டெக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போவது காதால் கேட்கக்கூடிய ஒன்று இல்லை. ஏறி இறங்கும் ஒரு சின்ன மின்னழுத்தம். கடைசியில் ஸ்பீக்கர்தான் அதை மறுபடி காற்றின் அதிர்வாக மாற்றுகிறது.

மடையைத் திறக்கும் கை

ஆம்ப்ளிஃபயர் சத்தத்தைப் "பெரிதாக்குகிறது" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ரப்பரை இழுப்பதுபோல, உள்ளே போன சிக்னலையே இழுத்துப் பெரிதாக்குகிறது என்று பலர் நினைப்பதற்கு அந்தச் சொல்தான் காரணம்.

இராஜசிங்கமங்கலம் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர்பெற்ற கண்மாய். அங்கே ஒருவர் மடையின் கதவைக் கொஞ்சம் ஏற்றினால் வாய்க்காலில் வெள்ளம் பாய்கிறது, இறக்கினால் குறைகிறது. வயலுக்குப் பாய்கிற வேகம் அவருடைய கையிலிருந்து வந்ததில்லை, கண்மாயில் தேங்கி நிற்கும் தண்ணீரிலிருந்து வந்தது. கை செய்தது, எப்போது எவ்வளவு என்று சொன்னது மட்டும்.

ஆம்ப்ளிஃபயருக்குக் கண்மாய் என்பது சுவரிலிருந்து வரும் கரண்ட். மடை என்பது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர். டெக்கிலிருந்து வரும் சிக்னல்தான் கதவை ஏற்றி இறக்கும் கை. கையின் அசைவு அப்படியே பெரிய நீரோட்டத்தின் அசைவாக ஸ்பீக்கருக்குப் போகிறது.

இதிலிருந்து முக்கியமான ஒன்று தெளிவாகும். கை நடுங்கினால் வெள்ளமும் நடுங்கும். கேசட்டில் இரைச்சல் இருந்தால் ஆம்ப்ளிஃபயர் அந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அப்படியானால் ஏன் மெனக்கெட வேண்டும்? டி.வி. பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கையகல ஸ்பீக்கர் கேசட்டில் உள்ளதையே முழுதாகக் காட்டுவதில்லை. ஆண்குரலின் அடிப்பகுதியை, தவிலின் தொப்பியை, தஃப்பின் அதிர்வை எல்லாம் அது விழுங்கிவிடும். ஆம்ப்ளிஃபயரும் நல்ல பெட்டி ஸ்பீக்கரும், விழுங்கப்பட்டதைத் திருப்பித் தரும். புதிதாக எதையும் சேர்க்காது.

சிரட்டை, குடம், மடை

லாத்தாவின் கேசட் ஏன் கரகரத்தது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

நம் கரையோர ஊர்களில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் மொள்வார்கள். சிரட்டைத் தண்ணீர் குடத்துக்குப் போகும். குடத்துத் தண்ணீர் தொட்டிக்குப் போகும். சிரட்டை நீட்டும் இடத்தில் மடையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? ஊற்றே இடிந்துவிடும். மடை பாய வேண்டிய வயலுக்குச் சிரட்டையால் ஊற்றினால் பயிர் நனையாது. சிக்னலிலும் இப்படி மூன்று அளவுகள் உண்டு.

முதலாவது சிரட்டை அளவு. மைக்கும், இசைத்தட்டு ஓடும் டர்ன்டேபிளின் முள்ளும் தரும் சிக்னல் இது. வழக்கமான காந்த முள் ஏறத்தாழ 0.005 வோல்ட் தருகிறது. ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்றும் மைக் என்றும் எழுதிய துளைகள் இவ்வளவு சின்ன சிக்னலை எதிர்பார்த்து, முதலில் அதைப் பலமடங்கு உயர்த்திவிட்டுத்தான் உள்ளே அனுப்பும்.

இரண்டாவது குடத்தின் அளவு. இதற்குப் பெயர் லைன் அளவு. ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குச் சத்தத்தைக் கொடுப்பதற்கென்று எல்லாரும் ஒத்துக்கொண்ட பொது அளவு. வீட்டுக் கருவிகளில் ஏறத்தாழ 0.3 வோல்ட். டெக், ஆடியோ டேப், ரேடியோ ட்யூனர் எல்லாம் இந்த அளவை ஒட்டியே தருகின்றன. சி.டி. பிளேயர் கொஞ்சம் கூடுதலாகத் தரும், ஆனாலும் அதே துளைகளில் போடலாம். ஆக்ஸ், டேப் இன், ட்யூனர், சி.டி., வி.சி.ஆர் என்று ஆம்ப்ளிஃபயரின் பின்னால் எத்தனை பெயர் எழுதியிருந்தாலும், வேலையைப் பொறுத்தவரை அவை எல்லாம் ஒரே குடத்துக்கான துளைகள். "வி.சி.ஆர் என்று எழுதிய துளை இல்லையே" என்று தேட வேண்டாம். ஆக்ஸ் போதும்.

மூன்றாவது மடை அளவு. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 10 வாட் கொடுக்கும்போது அங்கே ஏறத்தாழ 9 வோல்ட் இருக்கும். வோல்ட் மட்டும் இல்லை, ஓடும் மின்சாரமும் அதிகம். ஆம்ப்ளிஃபயரின் லைன் துளை டெக்கிடமிருந்து மிக மிகக் கொஞ்சம் மின்சாரத்தைத்தான் உறிஞ்சும். அந்தத் துளைக்குள் வழக்கமாக 47,000 ஓம் தடை இருக்கிறது. ஓம் என்பது மின்சாரம் ஓடுவதற்கு எதிராக இருக்கும் தடையின் அளவு. ஸ்பீக்கரிலோ வெறும் 8 ஓம். அது வாரிக் குடிக்கும். டெக்கின் ஆடியோ துளையில் நேராக ஸ்பீக்கரை மாட்டினால் ஒன்றும் கேட்காமல் போவது இதனால்தான்.

இப்போது பையனின் தவறு புரியும். குடத்தைச் சிரட்டைத் துளையில் கவிழ்த்திருக்கிறான். ஃபோனோ துளைக்கு இன்னொரு குணமும் உண்டு. இசைத்தட்டில் அடிநாதத்தைக் குறைத்தும் கீச்சொலியைக் கூட்டியும் பதிவு செய்வார்கள் என்பதால், ஃபோனோ துளை அதற்கு நேரெதிராக அடிநாதத்தைக் கூட்டிக் கொடுக்கும். அதனால்தான் கரகரப்போடு குடத்து முழக்கமும் சேர்ந்துகொண்டது. அதே ஒயரைப் பிடுங்கி ஆக்ஸில் செருகினோம். வாப்பாவின் குரல் வந்தது.

"எரிந்துபோகும்" என்ற பயத்துக்கும் அடிப்படை இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளை டெக்கின் ஆடியோ இன் துளையில் கொடுத்தால், மடைத் தண்ணீரைக் குடத்தில் பாய்ச்சிய கதைதான், டெக் பழுதாகலாம். டெக்கின் ஆடியோ அவுட்டை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸில் கொடுப்பதில் அந்த ஆபத்து கிடையாது.

சுருக்கமாகச் சொன்னால், மைக்கும் ஃபோனோவும் சிரட்டை, லைன் என்பது குடம், ஸ்பீக்கர் மடை. டெக் தருவது குடம். அதைக் குடத்துக்கான துளையில்தான் கொடுக்க வேண்டும்.

டெக்கின் முதுகில் என்ன இருக்கிறது

டெக்கைத் திருப்பினால் இரண்டு வகைத் துளைகள் தெரியும். ஆன்டெனா ஒயர் செருகும் துளைகள் ஒரு வகை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத்தில் உள்ள ஆர்.சி.ஏ துளைகள் இன்னொரு வகை.

இந்தக் கரையில் பலருக்கு ஆன்டெனா வழிதான் பழக்கம். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, கடலைப் பார்த்தபடி உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டியவர்கள் நாம். அந்த ஒயர் டெக்குக்குள் போய், டெக்கிலிருந்து டி.வி.க்குப் போகும். டி.வி.யில் ஒரு சேனலைத் திருப்பினால் கேசட் தெரியும். இங்கே நடப்பது என்னவென்றால், டெக் படத்தையும் சத்தத்தையும் ஒரே லாரியில் ஏற்றி அனுப்புகிறது. காதுக்கு எட்டாத அளவு வேகமாக அதிரும் ரேடியோ அலைதான் அந்த லாரி. டி.வி.யில் உள்ள ட்யூனர் சரக்கை இறக்கிப் படத்தைத் தனியாக, சத்தத்தைத் தனியாகப் பிரிக்கும். ஆம்ப்ளிஃபயருக்குச் சரக்கு இறக்கத் தெரியாது. ஆன்டெனா ஒயரை வெட்டி அதன் நுனியில் பின் வைத்து ஆம்ப்ளிஃபயரில் கொடுத்துவிட்டு "ஒண்ணுமே வரலை" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். வராது.

நமக்கு வேண்டியது ஆடியோ அவுட். வெள்ளை இடது, சிவப்பு வலது. இவற்றை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸுக்குக் கொடுத்து, மஞ்சளை டி.வி.யின் வீடியோ இன் துளைக்குக் கொடுங்கள். டி.வி.யின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடுங்கள். இனிமேல் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபயரில்தான்.

பழைய டெக் பலவற்றில் ஆடியோ அவுட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அவை மோனோ, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே சிக்னல். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் ஒயர் வாங்கி, இடது வலது இரண்டு துளைக்கும் கொடுக்கலாம். அதே ஒய் ஒயரைத் திருப்பிப்போட்டு, ஸ்டீரியோ டெக்கின் இரண்டு அவுட்டையும் ஒன்றாக முறுக்கி ஒரு துளையில் கொடுக்கக் கூடாது. ஒரு குடத்திலிருந்து இரண்டு பேருக்கு ஊற்றலாம். ஆனால் இரண்டு அவுட்டை இணைத்தால் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும்.

மைக் செட் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். அதில் மைக் துளைகள் வரிசையாக இருக்கும், கை அங்கேதான் போகும். ஆக்ஸ் என்று எழுதிய துளையைத் தேடிப்பிடியுங்கள். ஆர்.சி.ஏ பின் பொருந்தாமல் தடித்த பின் கேட்டால், கடையில் பி-38 என்று கேட்டு அதற்கான மாற்றியை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே நாடாவில் இரண்டு சத்தம்

இந்தப் பகுதியை யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

வி.எச்.எஸ் என்ற வகை வீடியோ கேசட்டின் நாடா 12.7 மில்லிமீட்டர் அகலம். அதன் ஒரு விளிம்பில், சேலைக்குக் கரை ஓடுவதுபோல, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் சத்தம் எழுதப்பட்டிருக்கும். இதை நேர்கோட்டுத் தடம் என்று சொல்லலாம்; டெக்கில் நார்மல் என்று போட்டிருக்கும். நம் நாட்டிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இருந்த பால் (PAL) என்ற டி.வி. முறையில், நாடா நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் மட்டுமே நகர்கிறது. பாட்டுக் கேட்கும் சாதாரண ஆடியோ கேசட்கூட நொடிக்கு 47.6 மில்லிமீட்டர் ஓடும். பாதிகூட இல்லை. மெதுவாக நகரும் நாடாவில் நுணுக்கமான அலைகளை எழுத இடம் போதாது. எனவே கீச்சொலிகள் மழுங்கி, உஸ்ஸென்ற இரைச்சல் தெரியும். நாடாவை மெதுவாக ஓட்டி நேரத்தைக் கூட்டும் லாங் பிளேயில் பதிந்திருந்தால் வேகம் இன்னும் பாதி.

நாடா இவ்வளவு மெதுவாக நகர்ந்தால் படத்தை எப்படி எழுத முடிகிறது? டெக்குக்குள் ஓர் உருளை சாய்வாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பால் முறையில் நொடிக்கு 25 சுற்று. அதில் பொருத்திய ஹெட்கள், அதாவது நாடாவில் எழுதிப் படிக்கும் காந்த முனைகள், நாடாவின் மேல் நொடிக்கு ஏறத்தாழ 4.9 மீட்டர் வேகத்தில் உரசிப் போகின்றன. விளிம்பில் நகரும் நாடாவைவிட 200 மடங்கு வேகம். இந்த வேகத்தைச் சத்தத்துக்கும் பயன்படுத்தினால் என்ன என்று யோசித்ததன் விளைவுதான் ஹைஃபை. பீட்டாமேக்ஸ் என்ற வேறு வகைக் கேசட்டில் 1983-லும் அதையடுத்து வி.எச்.எஸ்ஸிலும் வந்தது.

ஆனால் நாடாவில் இடம்? படமே முழுதும் அடைத்துக்கொண்டிருக்கிறதே. வி.எச்.எஸ் கண்ட வழி அழகானது. முதலில் ஆழ உழவு, பிறகு மேல் உழவு. சுழலும் உருளையில் உள்ள ஆடியோ ஹெட் நாடாவின் காந்தப் பூச்சில் ஆழமாகச் சத்தத்தை எழுதிவிட்டுப் போகும். பின்னாலேயே வரும் வீடியோ ஹெட் மேற்பரப்பில் மட்டும் படத்தை எழுதும். அடியில் உள்ளது அழியாமல் தங்கிவிடும். இந்தச் சத்தம் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது. ஆடியோ கேசட்டைவிடத் தெளிவானது.

ஆக ஹைஃபை டெக்கில் பதிந்த கேசட்டில் இரண்டு சத்தம் இருக்கும், விளிம்பில் ஒன்று, படத்துக்கு அடியில் ஒன்று. சாதாரண டெக் விளிம்பை மட்டும் படிக்கும். உங்கள் டெக்கின் முகப்பில் ஹைஃபை என்று எழுதியிருந்தாலும், கேசட் அப்படிப் பதியப்படவில்லை என்றால் அது தானாக விளிம்புத் தடத்துக்கு மாறி, ஒரே சத்தத்தை இரண்டு பக்கமும் தரும். "ரெண்டு துளை இருக்கு, அப்போ ஸ்டீரியோதான்" என்ற முடிவு இங்கேதான் பிசகும்.

கல்யாணக் கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. டெக்கில் ஆடியோ டப் என்றொரு வசதி உண்டு. படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் மாற்றிப் பதிய உதவும். அது விளிம்புத் தடத்தை மட்டுமே மாற்றும். படத்துக்கு அடியில் உள்ள ஹைஃபை சத்தத்தைத் தொட முடியாது, தொட்டால் படமும் போய்விடும். எனவே உங்கள் கேசட் ஹைஃபையில் பதியப்பட்டு, அதே கேசட்டில் பிற்பாடு சினிமாப் பாட்டு ஏற்றப்பட்டிருந்தால், அன்று பந்தலில் கேட்ட குரல்கள் பாட்டுக்கு அடியில் இன்னமும் இருக்கும். ஹைஃபை டெக்கில் நார்மல், ஹைஃபை, மிக்ஸ் என்று மாற்றும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு கேசட்டுக்கு நகல் எடுக்கும்போது பாட்டுச் சேர்த்திருந்தால் இது பலிக்காது. மூலக் கேசட் கையில் இருந்தால் அவசியம் முயன்று பாருங்கள்.

ம்ம்ம் என்று ஓர் ஓசை

எல்லாம் சரியாகக் கொடுத்த பிறகும், வண்டு போல ஓர் ஓசை விடாமல் கேட்கலாம். பெரும்பாலும் இதற்கு எர்த் வளையம் காரணம். ஆம்ப்ளிஃபயர் தன் மூன்று முள் பிளக் வழியாக வீட்டு எர்த்தைத் தொடுகிறது. கேபிள் டி.வி. ஒயரின் வெளிவலை வேறெங்கோ எர்த்தைத் தொடுகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே சின்ன மின்னழுத்த வித்தியாசம் இருந்தால், அது ஆடியோ ஒயரின் வலை வழியாக ஓடும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ஓசை அடித்தொண்டையில் கேட்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். கேபிள் அல்லது ஆன்டெனா ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ஓசை நின்றால் காரணம் அதுதான். கேசட் பார்க்க அந்த ஒயர் தேவையே இல்லை, கழற்றியபடியே பார்க்கலாம். நிற்கவில்லை என்றால் ஆடியோ ஒயரின் வலை உள்ளே அறுந்திருக்கலாம், வேறு ஒயர் போட்டுப் பாருங்கள். ஓசையை நிறுத்துகிறேன் என்று பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம். உயிரைக் காக்க வைத்த முள் அது.

ஹைஃபை கேசட்டில் விட்டுவிட்டு டர்ர் என்று கேட்டால் அது வேறு சங்கதி. ஹெட் தடத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஹெட்டைத் தடத்தோடு ஒத்துப்போக வைக்கும் டிராக்கிங்கைத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

உப்புக்காற்று

நம் ஊரில் இதையும் சொல்லாமல் முடியாது. ஆர்.சி.ஏ பின்னும் துளையும் உப்புக்காற்றில் களிம்பேறும். ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வருவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். கரண்டை நிறுத்திவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து, பின்னைச் செருகி நாலைந்து முறை திருகுங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைப் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும்.

இன்றைய சவுண்ட்பார் வைத்திருந்தால்

புதிய சவுண்ட்பார் சிலவற்றில் ஆக்ஸ் துளையே இல்லாமல் ஆப்டிகல், எச்.டி.எம்.ஐ மட்டும் இருக்கும். அவை சிக்னலை எண்களாகத்தான் வாங்கும். டெக் தருவதோ ஏறி இறங்கும் மின்னழுத்தம். நடுவே மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். கடையில் பெரும்பாலும் எடுத்துத் தருவது எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் பெட்டி, அது தலைகீழ். அனலாக் டூ டிஜிட்டல் என்று அழுத்திக் கேளுங்கள். முடிந்தால் பழைய ஆம்ப்ளிஃபயரையே துடைத்து எடுங்கள், வேலை சுலபம்.

அதில் டேப் அவுட் அல்லது ரெக் அவுட் துளை இருந்தால், அங்கிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு ஓர் ஒயர் கொடுத்து, கேட்கும்போதே சத்தத்தைப் பதிந்தும் வைக்கலாம். நீங்கள் வால்யூமைக் குறைத்தாலும் கூட்டினாலும் அந்தத் துளையில் வரும் அளவு மாறாது. 2016-ல் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியதோடு புது டெக் வருவது நின்றுவிட்டது. ஓடுகிற டெக் கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

ஒயர்களை எல்லாம் கரண்டை அணைத்துவிட்டு மாட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைக் கீழே வைத்து, டெக்கையும் டி.வி.யையும் முதலில் போட்டு, கடைசியில் ஆம்ப்ளிஃபயரைப் போடுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயரை முதலில் அணையுங்கள், ஸ்பீக்கரில் டம் என்று அடிக்காது. முதலில் போடும் கேசட், போனாலும் பரவாயில்லை என்கிற ஏதாவது சினிமா கேசட்டாக இருக்கட்டும். பல வருடம் ஓடாத டெக் நாடாவைச் சுருட்டி மென்றுவிடலாம். அது பத்து நிமிடம் ஒழுங்காக ஓடி, திரும்பச் சுற்றி, முழுசாக வெளியே வந்த பிறகு வீட்டுக் கேசட்டைப் போடுங்கள்.